மங்கா, அனிமே, இளையோர் பண்பாடு: கோலாலம்பூரிலிருந்து முதுகலை ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸையும் அனிமே என்ற ஜப்பானிய அசைவுப்படங்களையும் பல்கலைக்கழகத்தில் முதுகலை அளவில் ஆராய முடியுமா என்று கேட்கும் தமிழ் மாணவர்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் பார்க்கலாம். முடியும். ஜப்பானின் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் 2006-இல் மங்காவுக்கென்றே ஒரு புலத்தைத் தொடங்கியது. 2010-இல் முதுகலை, 2012-இல் முனைவர் பட்டம் என்று அது வளர்ந்தது. அதே 2006-இல் அமெரிக்காவில் மெக்கடேமியா என்ற ஆய்விதழ் இந்தத் துறைக்காகவே வரத் தொடங்கியது. நம் பக்கம் பார்த்தால், கெம்பாக் என்ற மலேசியக் காமிக்ஸ் இதழை நடத்திய ஆர்ட் ஸ்குவேர் நிறுவனத்தின் பெரும்பங்கை 2015-இல் கடோகாவா வாங்கியது. ஜப்பானின் பெரிய பதிப்பகம் ஒன்று இங்கே வந்து காமிக்ஸில் பணம் போடுகிறது என்றால், இங்கே வாசகர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். அந்த வாசகர்களை ஆராயவும் ஆள் வேண்டும்.

இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் பேசி வளர்ந்த உங்கள் கண்ணுக்குத் தெரிகிற சில விஷயங்கள், தோக்கியோவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தெரியாது. உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கிருந்து பிறக்க வேண்டும். எத்தனை நூறு தொகுதிகள் படித்திருக்கிறீர்கள் என்பது அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: எந்தத் துறை என்று முடிவு செய்யுங்கள்

பட்டத்தின் பெயரில் "மங்கா" என்று தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். உங்கள் தலைப்பை எந்தத் துறை ஏற்கும் என்று தேடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூக அறிவியல் புலத்தில் ஊடகவியல், கிழக்காசிய ஆய்வு, மானுடவியலும் சமூகவியலும், பாலின ஆய்வு, இந்திய ஆய்வியல் எல்லாம் இருக்கின்றன. மொழியியலுக்குத் தனிப் புலமே உண்டு. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில், அதாவது யு.எஸ்.எம்.மில், தொடர்பாடல், கலை, மானிடவியல், மொழிபெயர்ப்பு என்று வழிகள் உள்ளன.

துறை மாறினால் கேள்வியும் மாறும், ஆய்வு முறையும் மாறும். ஒரு மலாய்ப் பதிப்பு மங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புத் துறையில் அதன் ஒலிக்குறிப்புச் சொற்களை எப்படி மலாயாக்கினார்கள் என்று கேட்பீர்கள். ஊடகவியலில் அதை யார் வாங்கினார்கள், எந்தக் கடையில், ஏன் என்று கேட்பீர்கள். பாலின ஆய்வில் அதைப் படித்த பெண்கள் பிறகு எப்படி வரைஞர்கள் ஆனார்கள் என்று கேட்பீர்கள். புத்தகம் ஒன்றுதான், ஆனால் மூன்று ஆய்வேடுகள்.

படிக்கும் முறையிலும் தேர்வு உண்டு: பாடநெறி வழி, ஆய்வு வழி, இரண்டும் கலந்தது. முனைவர் பட்டம் வரை போக எண்ணம் இருந்தால் ஆய்வு வழியையோ கலந்த முறையையோ எடுங்கள். களப்பணிப் பழக்கம் பாடநெறியில் மட்டும் வராது. இளங்கலை மதிப்பெண் சராசரி 3.00க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. குறைந்தால் துறை அலுவலகத்திடம் நேரடியாகக் கேளுங்கள், துறைக்குத் துறை விதி வேறு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மங்கா வரைய வேண்டும், அனிமே தயாரிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அது நல்ல ஆசை, ஆனால் பாதை வேறு. இங்கே நான் பேசுவது ஆராய்வதைப் பற்றி.

இரண்டாம் படி: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். மாணவர்கள் கொண்டுவரும் முதல் தலைப்பு பெரும்பாலும் "அனிமே மலேசிய இளைஞர்களை எப்படிப் பாதிக்கிறது" என்ற மாதிரி இருக்கும். இதில் எந்த அனிமே, எந்த இளைஞர், என்ன பாதிப்பு, எதை வைத்து அளப்பது என்று ஒன்றும் இல்லை. பாதிப்பு என்று எழுதிவிட்டால் அதை நிரூபிக்க உளவியல் அளவீடுகள் வேண்டும். பண்பாட்டு ஆய்வு செய்ய வந்தவர் அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை.

அதையே இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் 18 முதல் 25 வயது வரை உள்ள, தமிழ் பேசும் காஸ்ப்ளே கலைஞர்கள் (அனிமே, மங்கா பாத்திரங்களாக வேடமிடுபவர்கள்) ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தங்கள் தோல் நிறத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்? இப்போது யாரிடம் போக வேண்டும், எங்கே போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது எல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் நிறத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பேச்சு, பாத்திரத்துக்கு "பொருந்துமா" என்று நண்பர்கள் சொல்வது, புகைப்படக்காரர் படத்தை வெளுப்பாக்குவது என்று பொருள் தானாக விரியும்.

"இளையோர்" யார் என்பதையும் முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். ஐ.நா. புள்ளிவிவரங்களில் அது 15 முதல் 24 வயது. மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு இளைஞர் சட்டம் 15 முதல் 40 என்று வைத்தது. 2019 திருத்தம் மேல் வரம்பை 30 ஆகக் குறைத்தது. நாற்பது வயதுக்காரரையும் இளைஞர் சங்கத்தில் வைத்திருந்த நாட்டில், வயது வரம்பைச் சொல்லாமல் ஆய்வு தொடங்க முடியாது.

இன்னும் சில நிலங்களைக் காட்டுகிறேன், உழுவது உங்கள் வேலை. டீமன் ஸ்லேயர் அனிமே வரிசையின் "இன்ஃபினிட்டி காசில்" படம் 2025 செப்டம்பரில் இந்தியாவில் தமிழ்க் குரலோடும் வெளியானது. தமிழ்நாட்டுப் பேச்சில் வரும் அனிமேயை மலேசியத் தமிழ் இளைஞர் எப்படிக் கேட்கிறார்? டோரேமோனை மலாயில் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் குரல் சொந்தமாகப் படுகிறதா? 2022-இல் போன் ஓடோரி என்ற ஜப்பானிய நடன விழாவுக்கு முஸ்லிம்கள் போக வேண்டாம் என்று சமய விவகார அமைச்சர் சொன்னதும், சிலாங்கூர் சுல்தான் விழா நடக்கட்டும் என்றதும் பெரிய பேச்சானது. அந்தப் பேச்சில் இந்திய இளைஞர்கள் எங்கே நின்றார்கள்? 2014-இல் ஓர் அல்ட்ராமேன் காமிக்ஸின் மலாய்ப் பதிப்பை உள்துறை அமைச்சு தடை செய்தது. மொழிபெயர்ப்பும் தணிக்கையும் சந்திக்கும் இடம் அது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது, ஜப்பானிய ஆலைகள் அங்கே ஆரம்பத்திலேயே வந்தன. 1982-இல் மகாதீர், ஜப்பான் போன்ற நாடுகளைப் பார்த்துக் கற்கச் சொல்லும் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். அப்படிப்பட்ட ஆலைகளில் வேலை செய்த அம்மா அப்பாவுக்கு ஜப்பான் என்றால் ஷிப்ட், ஒழுங்கு, மேலாளர். அவர்கள் பிள்ளைகளுக்கு ஜப்பான் என்றால் நருட்டோ. ஒரே வீட்டில் இரண்டு ஜப்பான்கள். இதைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் போய்க் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

மூன்றாம் படி: படிக்க வேண்டியதைப் படியுங்கள்

இரண்டு வரிசைகள் இருக்கின்றன. இளையோர் பண்பாட்டு ஆய்வின் வேர் பிர்மிங்காமில் 1964-இல் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தில் இருக்கிறது. ஸ்டுவர்ட் ஹால் அங்கே வளர்த்த எண்ணம் இன்றும் உதவும்: ஒளிபரப்புகிறவர் ஒரு பொருளை வைத்து அனுப்பலாம், பார்ப்பவர் அதை ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். டிக் ஹெப்டிஜ் உடையும் பாணியும் எப்படி எதிர்ப்பாகின்றன என்று 1979-இல் எழுதினார். ரசிகர்கள் வெறும் நுகர்வோர் இல்லை, எடுத்ததை வைத்துப் புதிதாகச் செய்பவர்கள் என்று ஹென்றி ஜென்கின்ஸ் 1992-இல் காட்டினார்.

மங்கா, அனிமே பக்கம் வந்தால் அசுமா ஹிரோக்கி முக்கியமானவர். ரசிகர்கள் பெரிய கதையைத் தேடுவதில்லை, பூனைக்காது, கண்ணாடி, கூந்தல் நிறம் என்று பாத்திரக் கூறுகளின் தரவுத்தளத்திலிருந்து எடுத்து நுகர்கிறார்கள் என்பது அவர் 2001-இல் வைத்த வாதம். தாமஸ் லமார் 2009-இல், அனிமேயில் அசையாத படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது உண்டாகும் உணர்வைப் பற்றி எழுதினார். படத்தைக் கதையாக மட்டும் பார்ப்பவர்களை அது உலுக்கும். மார்க் ஸ்டைன்பெர்க் 2012-இல் ஊடகக் கலவையின், அதாவது ஒரே பாத்திரத்தைப் பல ஊடகங்களிலும் பொருட்களிலும் பரப்பும் முறையின், வரலாற்றை 1963-இல் ஒளிபரப்பான அஸ்ட்ரோ பாயிலிருந்தும், அதோடு மெய்ஜி நிறுவனத்தின் சாக்லெட்டில் கிடைத்த ஸ்டிக்கர்களிலிருந்தும் பிடித்தார். சாக்லெட் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிய குழந்தையிலிருந்து ஒரு தொழில்துறையின் வடிவத்தை விளக்கும் அழகு அதில் உண்டு. மங்காவை மங்காவாக, அதாவது அதன் கட்டம், கோடு, பக்க அமைப்போடு வாசிக்கக் கற்க ஜாக்கலின் பெர்ன்ட் எழுதியவற்றைத் தேடுங்கள். தென்கிழக்காசியப் பெண் வரைஞர்கள் பற்றி வேண்டுமானால் ஒகி ஃபுசாமி முன்னெடுத்த ஆய்வுக் குழுவின் வெளியீடுகளிலிருந்து தொடங்கலாம்.

படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: இவர் யாரை, எங்கே, எந்த ஆதாரத்தோடு பார்த்தார்? மேலே சொன்னவற்றில் பல ஜப்பானையோ பிரிட்டனையோ அமெரிக்காவையோ வைத்து எழுதப்பட்டவை. அசுமாவின் தரவுத்தளம் செந்தூலில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பொருந்துமா என்று சோதிப்பதே ஒரு பங்களிப்புதான். கோட்பாட்டை அப்படியே ஏற்று மேற்கோளாக அடுக்கிய ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

உள்ளூர் வரலாற்றையும் விடாதீர்கள். 1978-இல் வந்த நகைச்சுவை இதழ் கிலா-கிலா, 1979-இல் நூலான கேலிச்சித்திரக்காரர் லாட்டின் கம்போங் பாய், 1998-இல் வந்த கெம்பாக் என்ற வரிசை தெரியாமல், மலேசிய இளைஞர் மங்காவை எந்தக் கண்ணோடு படித்தார் என்று சொல்ல முடியாது. டிராகன் பால் இங்கே "முத்தியாரா நாகா" என்று மலாயில் விற்றது. பழைய இதழ்களுக்குத் துன் ரசாக் சாலையில் உள்ள தேசிய நூலகம் போங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் அங்கே பிரதி கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: ஜப்பானிய மொழி எவ்வளவு வேண்டும்

உங்கள் ஆய்வு மலேசிய ரசிகர்களைப் பற்றியது என்றால், தமிழ், மலாய், ஆங்கிலம் போதும். அடிப்படை ஜப்பானியம் கூடுதல் பலம். மங்காவின் மூலத்தையோ தயாரிப்பையோ ஆராய்வதாக இருந்தால் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் குறைந்தது என்2 நிலையை இலக்காக வையுங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அந்தத் தேர்வை எழுதலாம். மிட் வேலி சிட்டியில் ஜப்பான் அறக்கட்டளையின் அலுவலகமும் நூலகமும் இருக்கின்றன. கே.எல்.சி.சி. கினோகுனியாவில் ஜப்பானிய மொழிப் புத்தகங்கள் கிடைக்கும்.

தமிழர்களுக்கு இந்த மொழியின் இலக்கணம் பயமுறுத்தாது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும், மரியாதை வினையிலேயே தெரியும். ஏறக் கடினமான மலை, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துதான். சிறுவர் மங்காக்களில் கான்ஜி பக்கத்திலேயே சிறிய எழுத்தில் உச்சரிப்பு அச்சிட்டிருப்பார்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: மேற்பார்வையாளரைத் தேடுங்கள்

மங்கா ரசிகரான பேராசிரியர் கிடைத்தால்தான் ஆயிற்று என்று காத்திருக்க வேண்டாம். களப்பணி நன்றாகத் தெரிந்த, மாணவர் எழுதியதை நேரத்துக்குப் படித்துத் தரும் ஒருவர் போதும். அவர் அண்மையில் வெளியிட்ட இரண்டு மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். அப்புறம் ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு சிறிய மின்னஞ்சல்: நீங்கள் யார், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்த ஆய்வோடு அது சேர்கிறது, எப்போது சேர நினைக்கிறீர்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை இணையுங்கள். டாக்டர், பேராசிரியர், டத்தோ என்ற பட்டங்களைச் சரியாக எழுதுங்கள், இங்கே அதைக் கவனிப்பார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம்.

அவருடைய இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். துறையின் இணையதளம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஆறாம் படி: நெறிமுறை ஒப்புதலும் சட்டமும்

மனிதர்களிடம் பேசுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மலாயாவில் அது யு.எம்.ஆர்.இ.சி., யு.எஸ்.எம்.மில் ஜெ.இ.பி.இ.எம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பேசப் பெற்றோர் சம்மதமும் தேவைப்படும். ஒப்புதல் வரச் சில மாதங்கள் ஆகலாம். 2002-இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்டா என்ற காமிக்ஸ், அனிமே ரசிகர் விழா வழக்கமாக டிசம்பரில் நடக்கும். அதுதான் உங்கள் களம் என்றால், ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இந்த ஒரு கணக்குத் தவறினால் அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க நேரும்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நம் வட்டம் சிறியது. எந்தப் பாத்திரமாக வேடமிட்டார், எந்த ஆண்டு, எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்தார் என்று மூன்றும் ஒரே பத்தியில் வந்தால், ஆளைப் பத்துப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். பாத்திரத்தின் பெயரையும் மாற்றுங்கள், அல்லது பொதுவாக விவரியுங்கள். புகைப்படத்துக்குத் தனியாக எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

படங்களை ஆய்வேட்டில் போடுவது பற்றி: 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. வாதத்துக்குத் தேவையான கட்டத்தை மட்டும், மூலத்தைக் குறிப்பிட்டுப் போடுங்கள். படிப்பதற்கு ஜப்பானியப் பதிப்பகமான ஷுயெய்ஷாவின் மங்கா பிளஸ் போன்ற உரிமை பெற்ற தளங்கள் 2019 முதல் இருக்கின்றன. ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்துப் பரப்புவதை நீங்கள் ஆராயலாம், ஆனால் ஆய்வாளராக நீங்களே அதைப் பரப்பக் கூடாது. இன்னொன்று மிக முக்கியம்: 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் கையால் வரைந்த சித்தரிப்புகளையும் உள்ளடக்கும். அப்படிப்பட்ட பொருள் உங்கள் தலைப்பின் பக்கத்தில் வந்தாலும் முதலில் பல்கலைக்கழகத்திடம் பேசுங்கள், எதையும் பதிவிறக்காதீர்கள்.

ஏழாம் படி: களத்தில்

முதல் முறை போகும்போது ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காமல் போங்கள். யார் யாரோடு உட்கார்கிறார்கள், ஓவியர்களின் மேசைகளில் எந்த மொழி ஓடுகிறது, உடை மாற்றும் இடத்தில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் பாதிதான் இருக்கும்.

தமிழ் இளைஞர்கள் உங்களை உடனே "அக்கா", "அண்ணே" என்று கூப்பிடத் தொடங்குவார்கள். அது நெருக்கம் தருகிறது, கூடவே ஒரு சிக்கலையும் தருகிறது. அக்காவுக்கு எது பிடிக்குமோ அதைத் தம்பி சொல்வான். "காஸ்ப்ளேயில் உனக்குப் பெருமையா?" என்று கேட்டால் பெருமை என்றுதான் வரும். "கடைசியாக உடை தைத்தபோது என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்று கேளுங்கள். காசு எங்கிருந்து வந்தது, தையல்காரர் ஆண்டி என்ன சொன்னார், வீட்டில் எங்கே ஒளித்து வைத்தான் என்று கதை வரும். அதுதான் உங்கள் தரவு. "அக்கா, வீட்ல சொல்லிடாதீங்க" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பகுதியை ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று பிறகு ஒரு முறை தனியாகக் கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

பேச்சை எழுத்தாக்கும்போது தமிழ், மலாய், ஆங்கிலக் கலவையை அப்படியே வையுங்கள். எந்த வாக்கியத்தில் மலாய்க்குத் தாவுகிறார், எந்த இடத்தில் ஜப்பானியச் சொல் வருகிறது என்பதிலேயே பண்பாடு இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பைக் கீழே தனியாகக் கொடுங்கள்.

எட்டாம் படி: ஜப்பானுக்குப் போக நினைத்தால்

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைதான் முதல் வழி. தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை என்று இரண்டு பாதைகள் உண்டு. தூதரகப் பாதை வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. ஆய்வு மாணவர் பிரிவுக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும். அண்மைய அறிவிப்புகளில் மாதத் தொகை ஆய்வு மாணவருக்கு 143,000 யென், முதுகலைக்கு 144,000, முனைவர் பட்டத்துக்கு 145,000. கல்விக் கட்டணமும் விமானச் சீட்டும் அவர்கள் பொறுப்பு. முதல் கட்டத்தில் தேறியபின் ஜப்பானியப் பேராசிரியர்களிடம் ஏற்புக் கடிதம் வாங்க வேண்டும். அதனால் யாரிடம் போகலாம் என்று முன்கூட்டியே தேடி வையுங்கள்.

இங்கேயும் அதே விஷயம்தான். "எனக்கு அனிமே பிடிக்கும், ஜப்பான் போக ஆசை" என்று எழுதும் விண்ணப்பங்களை அவர்கள் எவ்வளவோ பார்த்திருப்பார்கள். மலேசியத் தமிழ் இளைஞர்களைப் பற்றிய ஒரு கேள்வியோடு போய், அதற்கு ஜப்பானில் எந்த ஆவணம் தேவை என்று சொல்கிறவர் தனித்து நிற்பார். கியோத்தோ சர்வதேச மங்கா அருங்காட்சியகத்தில் சுமார் 300,000 பொருட்கள் இருக்கின்றன. தோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகம் 2009-இல் திறந்த யோனெசாவா யோஷிஹிரோ நினைவு நூலகம் இருக்கிறது. ரசிகர்கள் தாங்களே அச்சிட்டவற்றை விற்கும், 1975-இல் தொடங்கிய காமிக்கெட் சந்தையை வளர்த்தவர் யோனெசாவா. ரசிகர் வெளியீடுகளை ஆராய்கிறவர் கட்டாயம் போக வேண்டிய இடம்.

போக முடியாவிட்டால் ஆய்வு குறைந்துவிடாது. மலேசியக் களம் இங்கேதான் இருக்கிறது. துறையில் ஆய்வு உதவியாளர் பணி இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள், கட்டணச் சுமை ஓரளவு குறையும்.

ஒன்பதாம் படி: எழுதி முடித்தபின்

ஆய்வேடு ஆங்கிலத்திலோ மலாயிலோதான் பெரும்பாலும் இருக்கும். உங்களிடம் பேசியவர்களுக்காகத் தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதி, வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அனுப்புங்கள். அவர்கள் "இது அப்படி இல்லை அண்ணே" என்று திருத்துவது தேர்வாளர் கேட்பதற்கு முன்னால் கிடைக்கும் உதவி. களத்தில் சேர்த்த சிற்றிதழ்கள், நிகழ்ச்சிக் கையேடுகள், ரசிகர் அச்சிட்ட அட்டைகள் ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு மறக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதி, உரியவர்களிடம் அனுமதி கேட்டு, பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைக்கப் பேசுங்கள். அடுத்து வரும் மாணவர் உங்கள் பொருளிலிருந்து தொடங்கலாம்.